மழை வந்தா மோடம் கட் ஆகுது, 4 எம்பி ஃபைல் போக மாட்டேங்குது, செட்டிங்ஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சன்னதித்தெரு (திருப்பாப்புலியூர்)
8 நவம்பர் 2003, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாப்புலியூர்ல டிடிபி கடை வெச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை, கருமாதி கார்டு எல்லாம் பண்றோம். டிசைன் இங்க, பிரிண்ட் சிவகாசியில. முன்னாடி சிடியில எழுதி பஸ்ல பார்சல் போட்டு விடுவேன், இப்ப ஆறு மாசமா மெயில்ல அட்டாச் பண்ணித்தான் அனுப்பறேன், நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஐப்பசி மழை புடிச்ச நாள்ல இருந்து நிம்மதி போச்சு.

விஷயம் என்னன்னா கனெக்ட் ஆகும்போது 50,666னு (செகண்டுக்கு எத்தன பிட்டுங்கற கணக்கு) காட்டுது, நல்ல ஸ்பீடுதான், பக்கம் எல்லாம் தொறக்குது. ஆனா 4 எம்பி பிடிஎஃப் அட்டாச் பண்ணி செண்ட் குடுத்தா பத்து நிமிஷம், சில நாள் பதினஞ்சு நிமிஷம் ஓடும், டக்குனு கட். திரும்ப டயல் பண்ணினா மொதல்ல இருந்து. நேத்து நைட்டு அஞ்சு தடவ முயற்சி பண்ணி ஒண்ணு கூட போகல, போன் பில்லு மட்டும் ஏறுது. கார்த்திகை கடைசி முகூர்த்தத்துக்கான பத்திரிகை அது, பொண்ணு வீட்டுக்காரர் தினம் ரெண்டு தடவ கடைக்கு வந்து நிக்கிறாரு, அவர் முகத்தப் பாக்கவே கஷ்டமா இருக்கு.

விண்டோஸ் 98, பென்டியம் 3, போன் லைன்ல நெட் இழுக்க உள்ள மாட்டுற இன்டர்னல் மோடம், டப்பாவுல 56கே வி.90னு போட்டிருக்கு. கடையில வாங்கும்போது போட்டுக் குடுத்த செட்டிங்ஸ்தான் இருக்கு, நான் எதையும் தொடல. எத எங்க மாத்தணும்னு வெவரமா சொன்னா புண்ணியமா போகும்.


பாண்டி_சர்வீஸ் (லாஸ்பேட்டை)
8 நவம்பர் 2003, இரவு 11.05

சார் வணக்கம். மோடத்த மாத்தணும்னு யாராச்சும் சொன்னா இப்போதைக்குக் கேக்காதீங்க. நான் பாண்டியில எட்டு வருஷமா இந்த வேலதான் பாக்கறேன், நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில வர்ற கம்ப்ளைண்ட்ல பாதிக்கு மேல மோடம் நல்லாத்தான் இருக்கும்.

மூணு விஷயம் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஒண்ணு, கண்ட்ரோல் பேனல்ல மோடம்ஸ் தொறந்து டயக்னாஸ்டிக்ஸ்ல உங்க மோடம் இருக்கிற போர்ட்ட செலக்ட் பண்ணி மோர் இன்ஃபோ அமுக்குங்க, கீழ ஒரு லிஸ்ட் வரும், அதுல என்ன சிப்புன்னு இருக்கும். ரெண்டு, அந்த லைன்ல சாதா போன மாட்டி ரிசீவர எடுத்து ஏதாவது ஒரே ஒரு நம்பர மட்டும் அமுக்குங்க, டயல் டோன் நின்னுடும், அந்த அமைதியில கொஞ்ச நேரம் காத வெச்சுக் கேளுங்க, கரகரன்னு வருதா, ம்ம்ம்னு வருதா, ஒண்ணுமே இல்லையான்னு. மூணு, அந்த லைன்ல வேற போன் பேரலலா போட்டிருக்கீங்களா, கால் வெயிட்டிங் இருக்கான்னு பாருங்க. நெட்ல இருக்கும்போது வேற கால் வந்தா அந்த டோன் சத்தத்துலயே மோடம் தடுமாறிடும், இருந்தா எக்சேஞ்சுல எழுதிக் குடுத்து எடுத்துடுங்க.


கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)
9 நவம்பர் 2003, காலை 7.40

அண்ணா நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் காலேஜ் செகண்ட் இயர் படிக்கிறேன். எங்க வீட்ல கனெக்ட் ஆனா 115,200னு காட்டுது. சன்னதித்தெரு அண்ணாவுக்கு 50 ஆயிரம்தான், எனக்கு அதுல டபுளுக்கும் மேல, ஆனா ஒரு பாட்டு இறக்கவே அரைமணிக்கு மேல ஆகுது. என்னோடதுல என்ன கோளாறு?


பாண்டி_சர்வீஸ் (லாஸ்பேட்டை)
9 நவம்பர் 2003, காலை 9.15

கோளாறு எதுவும் இல்லம்மா. 115,200ங்கறது உங்க கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவுல ஓடுற வேகம், போன் லைன்ல ஓடுற வேகம் இல்ல. மோடம் எந்த வேகத்த சொல்லணும்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஏடி டபிள்யூ 2. அத எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ்ல போட்டா அடுத்த தடவ லைன் வேகத்த காட்டும், 44,000 கிட்ட வந்தாலே நம்ம ஊருக்கு அது நல்ல லைன். போர்ட் ஸ்பீடு 115,200லயே இருக்கட்டும், கொறைக்காதீங்க, டெக்ஸ்ட் பக்கம் வரும்போது மோடம் உள்ள கம்ப்ரஸ் பண்ணி வந்தத விரிச்சுக் குடுக்கும், அதுக்கு அந்த இடம் வேணும். பாட்டு ஃபைல் முன்னாடியே சுருங்கினது, அதுல மோடம் கம்ப்ரஷன் ஒண்ணும் செய்யாது.

கமாண்டெல்லாம் நான் உச்சரிப்புல தமிழ்ல எழுதறேன், நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. ஏடின்னா அட்டென்ஷன், மோடத்தக் கூப்பிட்டு இங்க பாருன்னு சொல்ற மாதிரி. 1981ல ஹேய்ஸ் கம்பெனி ஸ்மார்ட்மோடம்ல கொண்டு வந்த வழக்கம், இன்னி வரைக்கும் எல்லா மோடமும் அதத்தான் கேக்குது.


சன்னதித்தெரு (திருப்பாப்புலியூர்)
9 நவம்பர் 2003, பகல் 2.30

சார் பாத்துட்டேன். சிப்பு கனெக்ஸன்ட்னு வருது. கால் வெயிட்டிங் இல்ல. பேரலல் போன் இருக்கு, கடை கீழ, வீடு மாடியில, மாடிக்கு ஒரு வயர் போகுது. அப்பறம் நீங்க சொன்ன மாதிரி ஒரு நம்பர அமுக்கிட்டுக் கேட்டேன். காய்ஞ்ச எண்ணெயில கடுகு போட்டா வெடிக்குமே, அந்த சத்தம். விட்டு விட்டு வருது. பேசும்போது இத்தன நாளா இது காதுல விழவே இல்ல, நாமதான் பேசிகினே இருக்கமே, அமைதியா இருந்து கேட்டாத்தான் தெரியுது. காலையில மழை இல்லாத நேரத்துல கொறச்சலா இருந்துச்சு, இப்ப தூறல், ஜாஸ்தியா இருக்கு.


பாண்டி_சர்வீஸ் (லாஸ்பேட்டை)
9 நவம்பர் 2003, இரவு 9.50

அந்தக் கடுகு சத்தம்தான் உங்க எதிரி. அத எங்கன்னு தேடிப் புடிக்கறது ஒரு வேலை, அதுக்கு நாள் ஆகும். உங்க ஃபைல் இன்னிக்கே போகணும், அதுக்கு மோடத்துல என்ன பண்ணலாம்னு சொல்றேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க, ஏன் மாத்தறோம்னு தெரிஞ்சு மாத்தினாத்தான் அடுத்த தடவ நீங்களே பண்ணிக்கலாம்.

50,666னு பாத்து சந்தோஷப்படறீங்களே, அது இறங்கற பக்கத்து வேகம் மட்டும்தான். வி.90ங்கற 56கே முறையில ஏத்தற பக்கம் அதிகபட்சம் 33,600, அதுக்கு மேல போகவே போகாது. காரணம் என்னன்னா நெட் கம்பெனி பக்கம் எக்சேஞ்சோட நேரா டிஜிட்டல்ல சேர்ந்திருக்கு, அங்கருந்து வர்றது உங்க எக்சேஞ்ச் கார்டுல ஒரே ஒரு தடவதான் அனலாக்கா மாறி உங்க வயர்ல வருது, அதனால அந்தப் பக்கம் 56கே வரைக்கும் இழுக்க முடியுது. உங்க பக்கத்துல இருந்து போறத எக்சேஞ்ச் கேட்டு அளந்து நம்பரா மாத்தணும், மாத்தும்போதே அதுல சத்தம் சேர்ந்துடுது, அதனால பழைய வி.34 முறையோட வேகம்தான். நீங்க செய்யறது அனுப்பற வேலை. உங்க பத்திரிகைக்கு அந்த 50 ஆயிரத்தால ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. ஆனா அந்த 50 ஆயிரத்த புடிச்சு வெச்சுக்கறதுக்கு மோடம் லைன்ல ரொம்ப நுணுக்கமா காத வெச்சுக் கேக்கணும், கொஞ்சம் கரகரன்னு வந்தாலும் ரெண்டு பக்கமும் பேச்ச நிறுத்தி திரும்பவும் பேசி முடிவு பண்ணும், அடிக்கடி அப்படி ஆனா ஒரு கட்டத்துல விட்டுடும். அதுதான் உங்க கட்.

அதனால வி.90ய எடுத்துட்டு வி.34ல போடுங்க. கனெக்ட் ஆகும்போது 31,200, 28,800 அந்த மாதிரி காட்டும், கவலையே படாதீங்க. பக்கம் தொறக்க கொஞ்சம் மெதுவாகும், அனுப்பறதுல ஒண்ணும் நட்டம் இல்ல.

கனெக்ஸன்ட் சிப்புக்கு அந்த கமாண்ட் ஏடி + எம்எஸ் = வி34. மொதல்ல மோடத்துக்கு நேரா கமாண்ட் அடிக்கற ஹைப்பர்டெர்மினல் புரோகிராம தொறந்து மோடம் இருக்கிற காம் போர்ட்ட நேரா செலக்ட் பண்ணி அடிச்சுப் பாருங்க. ஓகேன்னு வந்தா சரி. எரர்னு வந்தா உங்க சிப்பு பழைய ராக்வெல் பாஷையில பேசுது, அதுக்கு பேருக்கு பதிலா நம்பர், + எம்எஸ் = 11னு போடணும், 11ன்னா வி.34. லூசன்ட், மோட்டரோலா சிப்பு வெச்சிருக்கறவங்க இத அப்படியே காப்பி அடிக்காதீங்க, அதுக்கெல்லாம் கமாண்ட் வேறயா இருக்கலாம், மோடத்தோட வந்த சிடியில மேனுவல் இருக்கும் பாருங்க.

இன்னொண்ணு எஸ்10. கேரியர், அதாவது அந்தப் பக்கத்து மோடத்தோட சத்தம், அந்துபோச்சுன்னா எவ்ளோ நேரம் பொறுத்திருந்து போன வைக்கணும்ங்கற கணக்கு அது, பத்துல ஒரு பங்கு செகண்ட்ல. பெரும்பாலும் 14 இருக்கும், அதாவது 1.4 செகண்ட். 50 ஆக்குங்க, அஞ்சு செகண்ட் பொறுக்கும், ஒரு கரகரப்பு வந்து போச்சுன்னா தாங்கிக்கும். சில பேர் 255 போடச் சொல்லுவாங்க, போடாதீங்க, 255ன்னா நெறய மோடத்துல லைன் செத்தாலும் இருக்கறதாவே நெனச்சுகினு போன வைக்காம உக்காந்திருக்கும், நீங்க தூங்கிட்டீங்கன்னா விடிய விடிய மீட்டர் ஓடும்.

ரெண்டையும் கண்ட்ரோல் பேனல், மோடம்ஸ், பிராப்பர்ட்டீஸ், கனெக்ஷன், அட்வான்ஸ்டு, அங்க எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஒரே வரியா எஸ்10=50+எம்எஸ்=வி34ன்னு அடிங்க. ப்ளஸ் போட்ட கமாண்ட் கடைசியில வரட்டும், முன்னாடி வந்தா அதுக்கு அப்பறம் ஒரு செமிகோலன் வெக்கணும், அத மறந்துட்டு மோடம் வேல செய்யலன்னு என்கிட்ட தூக்கிட்டு வந்தவங்க உண்டு. அதே பக்கத்துல எரர் கண்ட்ரோல் டிக் இருக்கணும், ஃப்ளோ கண்ட்ரோல் ஹார்ட்வேர்ல இருக்கணும், இது ரெண்டும் இல்லன்னா போறது அடிக்கடி தடுமாறி மெதுவாயிடும்.

கடைசியா ஃபைல். மெயில்ல அட்டாச் பண்ணும்போது அது எழுத்தா மாறிப் போகுது, மூணுல ஒரு பங்கு வீங்கும். உங்க 4 எம்பி போறது சுமார் 5.5 எம்பி. 31,200ல எல்லாம் சரியா இருந்தாலே 25 நிமிஷம் ஆகும், 26,400ன்னா அரைமணி. பதினஞ்சு நிமிஷத்துல கட் ஆகற லைன்ல அது எப்படி போகும் சொல்லுங்க. பிடிஎஃப்ப ஒவ்வொரு பக்கமா தனித்தனியா எடுத்து தனித்தனி மெயிலா அனுப்புங்க. அந்தப் பக்கம் அவங்க மெயில் பாக்ஸ்ல எடம் இருக்கான்னும் கேட்டுக்குங்க, ஹாட்மெயில்னா மொத்த எடமே 2 எம்பி.


கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)
10 நவம்பர் 2003, காலை 8.10

ஏடி டபிள்யூ 2 போட்டேன் அண்ணா, 45,333 காட்டுது! ஒரு சந்தேகம். நெட் ஸ்பீடு ஏத்தற சாஃப்ட்வேர்னு ஒண்ணு ஃபிரண்டு சிடியில குடுத்தா, எம்டியு (ஒரு தடவைக்கு அனுப்பற துண்டோட அளவு) மாத்தினா மூணு மடங்கு ஆகும்னு போட்டிருக்கு, போடலாமா?


பாண்டி_சர்வீஸ் (லாஸ்பேட்டை)
10 நவம்பர் 2003, காலை 9.00

வேணாம்மா. 45,333ல ஓடற லைன எந்த சாஃப்ட்வேரும் மூணு மடங்கு ஆக்காது. அதுக்கு பதிலா டயலப் கனெக்ஷன் பிராப்பர்ட்டீஸ்ல சர்வர் டைப்ஸ் போயி லாக் ஆன் டு நெட்வொர்க் டிக்க எடுங்க, நெட்பியூஐ, ஐபிஎக்ஸ் ரெண்டையும் எடுங்க, டிசிபி ஐபி மட்டும் இருக்கட்டும். பாஸ்வேர்டு சரிபாக்கற நேரம் நல்லா கொறையும், அது கண்ணால பாக்கற வித்தியாசம்.


சன்னதித்தெரு (திருப்பாப்புலியூர்)
10 நவம்பர் 2003, இரவு 11.40

சார் ரொம்ப நன்றி. + எம்எஸ் = வி34 ஓகே வந்துச்சு. 31,200ல கனெக்ட் ஆச்சு. பதினஞ்சு நிமிஷத்துல அந்துபோற லைன் 22 நிமிஷம் நின்னுச்சு, நான் நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்ல. உறை ஒரு மெயில், முகப்பு ஒரு மெயில், ரெண்டும் போயிடுச்சு. உள் பக்கம் மட்டும் பாக்கி, அதுதான் பெருசு, பிள்ளையார் படம் 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தேன். அத 300க்குக் கொறச்சா ஆஃப்செட்டுக்கு போதும்னு சிவகாசியில போன்ல சொன்னாங்க, கொறச்சதும் அந்தப் படம் மட்டும் கால்வாசி ஆயிடுச்சு, இத்தன நாளா தேவையில்லாத சுமையத் தூக்கி அனுப்பிட்டிருந்திருக்கேன். ஆனா அத அனுப்பும்போது வெளிய நல்லா ஊத்த ஆரம்பிச்சுடுச்சு, மூணு தடவ கட். இப்ப கனெக்டே 21,600ல ஆகுது.


பழைய_லைன்மேன் (முதுநகர்)
11 நவம்பர் 2003, காலை 6.30

தம்பி, என் பையன் இந்தப் பக்கத்தக் காட்டினான், அவன வெச்சுத்தான் டைப் பண்ண சொல்றேன். முப்பது வருஷம் லைன்ல வேல பாத்து ரிட்டையர் ஆனவன் நான். பாண்டி தம்பி சொன்ன கமாண்டெல்லாம் சரிதான், மோடத்துக்கு அந்தளவுதான் பண்ண முடியும். மழை பெய்ஞ்சா ஜாஸ்தி வெயில் அடிச்சா கம்மின்னு நீ எழுதினதப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. எங்கியோ ஒரு ஜாயிண்ட்டு தண்ணி குடிக்குது.

கம்ப்ளைண்ட் எழுதி வைக்கறதுக்கு முன்னாடி உன் வீட்ட மொதல்ல பாரு. வெளிய டிபி பாக்ஸ்ல (தெருவுல லைன் பிரியற பெட்டி) இருந்து டிராப் வயர் வந்து உன் வீட்டு செவத்துல ஒரு ரோசெட்ல (போன் வயர் சேர்ற சின்ன டப்பா) முடியும். அது வரைக்கும் எக்சேஞ்சு பாடு, அதுக்கு மேல உள்ள ஓடறதெல்லாம் உன் பாடு. அந்த ரோசெட்ட தொறந்து, உள்ள போற வயர் ரெண்டையும் கழட்டி விட்டுட்டு வெளிய இருந்து வர்ற ரெண்டு முனையில மட்டும் ஒரு போன மாட்டிக் கேளு. சத்தம் இல்லன்னா கோளாறு உன் வீட்டுக்குள்ள. சத்தம் இருந்தா டிராப் வயர்லயோ டிபியிலயோ கேபிள்லயோ, அப்ப கம்ப்ளைண்ட் எழுது, எழுதும்போது போன் வேல செய்யலன்னு எழுதாத, மழையில நாய்ஸ், இன்சுலேஷன் டெஸ்ட் பண்ணுங்கன்னு எழுது. போன் வேல செய்யலன்னு எழுதினா வந்து டயல் டோன் வருதான்னு மட்டும் பாத்துட்டுப் போயிடுவாங்க.

பேரலல் வயர் மாடிக்குப் போகுதுன்னியே, அது வெளிப்பக்கமா போகுதா உள்பக்கமா போகுதா? வெளிப்பக்கமா போனா அத விடாத. நம்ம ஊர்ல தேவனாம்பட்டினத்துல இருந்து வீசற காத்துல உப்பு இருக்கு, செம்பு கம்பிய முறுக்கி மேல இன்சுலேஷன் டேப்பு சுத்தி விட்டா ஒரே வருஷத்துல டேப்பு பிசின் விட்டு அவுந்துடும், உள்ள களிம்பு ஏறிடும். காய்ஞ்சிருக்கும்போது பேச்சு போகும், நனைஞ்சா ரெண்டு கம்பிக்கும் நடுவுல கசியும். பேசற காதுக்கு அது பெருசா தெரியாது, மோடத்துக்கு அதுதான் இடி.

மழை நின்னப்பறம் ஏறு. கை ஈரமா இருக்கக் கூடாது. லைன்ல சும்மா இருக்கும்போது 48 வோல்ட்டுதான், ஆனா நீ தொட்டுகினு இருக்கும்போது ரிங்கு வந்துச்சுன்னா 75 வோல்ட் ஏசி, ஏணி மேல நின்னு அது சுண்டினா கீழ விழுந்துடுவ. அதனால ரோசெட்ல கழட்டிட்டுத்தான் ஏறணும்.


வில்லியனூர்_ராஜபாட்டை
11 நவம்பர் 2003, காலை 11.20

இதே கட் ஆகற பிரச்சனதான் எனக்கும், ஆனா எனக்கு கம்ப்யூட்டரே ஆஃப் ஆகி ஆன் ஆகுது. விண்டோஸ் எக்ஸ்பி. கனெக்ட் ஆகி ரெண்டு நிமிஷத்துல 60 செகண்ட் எண்ணிக்கிட்டு ஒரு பெட்டி வருது, அப்பறம் ரீஸ்டார்ட். எங்க அண்ணன் ஃபிரான்ஸ்ல இருக்காரு, மெயில் படிச்சு முடிக்கறதுக்குள்ள போயிடுது. நானும் வி.34 போடணுமா?


பாண்டி_சர்வீஸ் (லாஸ்பேட்டை)
11 நவம்பர் 2003, பகல் 12.10

உங்களுக்கு மோடத்துல ஒண்ணும் பண்ண வேணாம், அது பிளாஸ்டர் வைரஸ், ஆகஸ்ட்ல இருந்து சுத்துது. எக்ஸ்பிக்கும் 2000த்துக்கும்தான் வரும், 98ல வராது. நெட் இழுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கனெக்ஷன் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு போயி ஃபயர்வால் டிக் போடுங்க, போட்டுட்டு கனெக்ட் பண்ணினா உள்ள வராது. அந்த 60 செகண்ட் பெட்டி வந்துடுச்சுன்னா ஸ்டார்ட், ரன்னுல ஷட்டவுன் ஸ்பேஸ் மைனஸ் ஏ ன்னு அடிச்சா எண்ணறது நிக்கும். அப்பறம் மைக்ரோசாஃப்ட் பேட்ச் போட்டு வைரஸ எடுக்கணும். டயலப்புல பேட்ச் இறக்க நேரமாகும்னா கடைக்கு வந்தா சிடியில போட்டுத் தரேன், காசு வேணாம்.


சன்னதித்தெரு (திருப்பாப்புலியூர்)
12 நவம்பர் 2003, இரவு 9.30

பெரியவர் சொன்னது சொன்னபடி. இன்னிக்கி மத்தியானம் மழை விட்டதும் ரோசெட்ட தொறந்தேன். உள்ள போற வயர கழட்டிட்டு வெளி முனையில போன மாட்டிக் கேட்டா ஊசி விழுந்தா கேக்கற அமைதி. அப்ப கோளாறு என் வீட்டுக்குள்ளதான்னு தெரிஞ்சுபோச்சு. எக்சேஞ்ச்காரங்கள நான் மனசுக்குள்ள எவ்ளோ திட்டியிருப்பேன், அந்த நேரத்துல அது நெனப்பு வந்து ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மாடிக்குப் போற வயர் வெளிப்பக்கமாத்தான் போகுது. ஏணி போட்டுப் பாத்தா ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழ ஒரு ஜாயிண்ட்டு, ரெண்டு வருஷம் முன்னாடி வெள்ளையடிக்க வந்தவங்க வயர அறுத்துட்டாங்க, அப்ப நானே முறுக்கி டேப் சுத்தினது, அதோட மறந்தே போயிட்டேன். டேப்ப தொட்டதும் வழுக்கிகினு கையோட வந்துச்சு, உள்ள கருப்பா பிசின். ரெண்டு கம்பி முறுக்கும் பக்கத்து பக்கத்துல, ஒண்ணு மேல ஒண்ணு படாம ஒரு நெல்லு மணி எடம்தான் இருக்கு, அந்த எடத்துல பச்சையும் நீலமுமா களிம்பு பொடி, கோயில்ல வெளக்காம விட்ட செப்புக் குடத்து அடியில இருக்குமே அந்த நெறம். நகத்தால சொரண்டினா உதிருது. சன்ஷேடு விளிம்புல இருந்து ஒரு சொட்டு தண்ணி அது மேலயே விழுந்துகினு இருக்கு. நான் நின்னு பாத்துட்டிருக்கும்போதே மூணு சொட்டு விழுந்துச்சு. இத்தன நாள் என் ஃபைல நிறுத்தினது அந்த சொட்டுதான்.

மாடி வயர அந்த எடத்தோட அறுத்து எடுத்துட்டேன், வீட்டுல போன் இல்லாம ரெண்டு நாள் இருக்கட்டும். ரோசெட்ல இருந்து மோடத்துக்கு ஜாயிண்ட்டே இல்லாம ஒரே துண்டு புது வயர் இழுத்தேன், பத்து மீட்டர். சாயங்காலம் திரும்ப மழை. ஒரு நம்பர் அமுக்கிட்டுக் கேட்டேன், கடுகு வெடிக்கல.

7.50க்கு கனெக்ட் பண்ணினேன், 33,600. உள் பக்கம் எட்டு நிமிஷத்துல போயிடுச்சு. சிவகாசிக்கு போன் பண்ணி கேட்டேன், வந்துடுச்சு தொறக்குது, கலர் சரியா இருக்கு, நாளைக்கு பிளேட் போட்டுடறோம்னாங்க. பொண்ணு வீட்டுக்காரருக்கு உடனே சொல்லிட்டேன், அவர் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் சாப்டியாப்பான்னு கேட்டாரு.


பழைய_லைன்மேன் (முதுநகர்)
13 நவம்பர் 2003, காலை 6.45

நல்லது தம்பி. மாடிக்கு வயர் போடும்போது செவத்துக்கு உள்பக்கமா ஒரே துண்டா போடு, வெளிய ஜாயிண்ட்டு வேணவே வேணாம். ஒண்ணு மறந்துடாத, இடி இடிக்க ஆரம்பிச்சா கரண்ட் பிளக்க மட்டும் புடுங்கினா பத்தாது, போன் வயரையும் மோடத்துல இருந்து புடுங்கி வெச்சுடணும். கம்பத்து மேல வர்ற வயர்ல மின்னல் ஏறினா மோடத்து வழியா மதர்போர்டு வரைக்கும் போயிடும், ஒரு ஐப்பசியில ஒரே தெருவுல நாலு வீட்டுல அப்படிப் போனத நான் பாத்திருக்கேன்.


பாண்டி_சர்வீஸ் (லாஸ்பேட்டை)
13 நவம்பர் 2003, காலை 9.20

ஐயா உங்க கால்ல விழணும், நான் கம்ப்யூட்டர் பக்கமே பாத்துகினு இருந்துட்டேன்.

சன்னதித்தெரு சார், இப்ப லைன் சுத்தமாயிடுச்சு, பாக்கறதுக்கு வி.90 வெச்சுக்கலாம். டயலப் நெட்வொர்க்கிங்ல ரெண்டு கனெக்ஷன் ஐகான் போடுங்க. ஒண்ணு பேரு அனுப்ப, கான்ஃபிகர்ல போயி இப்ப இருக்கற வரிய வெச்சுக்குங்க. இன்னொண்ணு பேரு பாக்க, அதுல எஸ்10=50 மட்டும். 50 ஆயிரத்துக்கு மேல போயி ஆடுச்சுன்னா மொத்தமா எடுக்காம மேல ஒரு தடுப்பு போடலாம், + எம்எஸ் = வி90,1,0,0,0,44000னு. கடைசி நம்பர்தான் இறங்கற பக்கத்துக்கு உச்சவரம்பு. என் கடையில நான் அப்படித்தான் வெச்சிருக்கேன், 44,000ல நாள் பூரா அசையாம நிக்குது.


கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)
13 நவம்பர் 2003, இரவு 8.15

நானும் எங்க வீட்டு ரோசெட்ட தொறந்து பாத்தேன் அண்ணா. எறும்பு கூடு கட்டியிருந்துச்சு, பிரஷ் வெச்சு தட்டி ஸ்க்ரூவ டைட் பண்ணினேன். 45,333ல இருந்து 48,000 ஆயிடுச்சு. பல்லு தேய்க்கிற பிரஷ், எங்க அம்மா அதுக்கு திட்டினாங்க.


சன்னதித்தெரு (திருப்பாப்புலியூர்)
15 நவம்பர் 2003, இரவு 10.05

ரெண்டு ஐகானும் போட்டுட்டேன் சார், அனுப்ப, பாக்கன்னே பேரு. நேத்தும் இன்னிக்கும் ஏழு பத்திரிகை போயிருக்கு, ஒரு கட் இல்ல. மாடிக்கு நாளைக்கு உள்பக்கமா வயர் இழுக்கறேன். பெரியவர் ஐயா, முதுநகர்ல உங்க வீடு எந்தப் பக்கம்னு உங்க பையன்கிட்ட எனக்கு தனி மடல்ல சொல்ல சொல்லுங்க, பொங்கலுக்கு கேலண்டர் அடிக்கிறோம், ஒண்ணு நேர்ல வந்து குடுக்கணும்.